மார்ச் மாதத்து நான்கு நாட்கள்: மகளிர் கூடைப்பந்தாட்டமும் விதிகள் திறக்கும் வாயில்களும்

விளையாட்டு மைதானத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது திறமையே எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. அது ஓரளவிற்கு உண்மையுமாகும். ஆயினும், அந்தத் திறமையை வெளிப்படுத்துவதற்கு மைதானத்தினுள் யார் நுழையலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை ஏடுகளில் எழுதப்பட்ட விதிகளே என்பதை நாம் பெரும்பாலும் கவனத்திற் கொள்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்தாட்டம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அதிலும், ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் இடம்பெறும் கூட்டமைப்புச் சுற்றுப்போட்டிகள் இவ்வுண்மையை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றன.

2024ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியில், லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குத் தெற்கேயுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாக மகளிர் அணி, நெவாடா மாநிலத்தில் லாஸ் வேகாஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஹென்டர்சன் என்னும் இடத்துக்குச் சென்றது. 'பிக் வெஸ்ட்' எனப்படும் கூட்டமைப்பின் சுற்றுப்போட்டி அங்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அந்த அணி தேசிய சம்பியன் போட்டியில் இறுதியாகப் பங்குபற்றிய ஆண்டு 1995 ஆகும். 2024ஆம் ஆண்டு அணியில் ஆடிய மாணவியர் எவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு காலக் காத்திருப்புக்கு விடை காணும் வாய்ப்பு அந்தச் சில நாட்களிலேயே தங்கியிருந்தது.

அந்த அணியில் டியாபா கொனாத்தே என்னும் பிரான்ஸ் நாட்டு மாணவியும் இடம்பெற்றிருந்தார். அவர் ஹிஜாப் அணிந்து ஆடும் முஸ்லிம் வீராங்கனையாவார். அவரது கதைக்குப் பின்னர் வருவோம். அதற்கு முன்னர் இச்சுற்றுப்போட்டி எத்தகையது என்பதையும், ஒரு சிறிய அணிக்கு அது ஏன் வாழ்வா சாவா என்ற நிலையைத் தோற்றுவிக்கின்றது என்பதையும் விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

எமது நாட்டில் கல்லூரி என்றதும் பாடசாலையே நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அச்சொல் பல்கலைக்கழக மட்டத்திலான உயர்கல்வி நிறுவனங்களைக் குறிக்கின்றது. அங்கு பல்கலைக்கழக விளையாட்டு என்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு அல்ல. தேசிய கல்லூரி மெய்வல்லுநர் சங்கம் என்னும் அமைப்பே அதனை நிருவகித்து வருகின்றது. அவ்வமைப்பு தனது உறுப்பு நிறுவனங்களை மூன்று பிரிவுகளாக வகுத்துள்ளது. அவற்றுள் உயர்ந்ததான முதலாம் பிரிவில் மாத்திரம் 350க்கும் மேற்பட்ட மகளிர் கூடைப்பந்தாட்ட அணிகள் உள்ளன.

இத்தனை அணிகளும் ஒன்றோடொன்று மோதுவது நடைமுறைச் சாத்தியமற்றதாகும். ஆகையால் பல்கலைக்கழகங்கள் பத்து, பன்னிரண்டு எனத் தம்முள் இணைந்து கூட்டமைப்புகளாக இயங்குகின்றன. இக்கூட்டமைப்புகளையே அமெரிக்கர்கள் 'கொன்பரன்ஸ்' என்கின்றனர். 2024ஆம் ஆண்டில் பிக் வெஸ்ட் கூட்டமைப்பில் கலிபோர்னியா மாநிலத்தின் பத்து அரச பல்கலைக்கழக வளாகங்களும், பசுபிக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாய் பல்கலைக்கழகமுமாகப் பதினொரு உறுப்பினர்கள் இருந்தனர். நவம்பர் மாதத்தில் பருவகாலம் ஆரம்பமாகும். முதலில் வெளிக் கூட்டமைப்புகளைச் சேர்ந்த அணிகளுடன் ஆட்டங்கள் இடம்பெறும். ஜனவரி பிறந்ததும் கூட்டமைப்புக்குள்ளேயான ஆட்டங்கள் முழுவேகம் பெறும். மார்ச் மாத ஆரம்பத்தில் இவ்வாட்டங்கள் நிறைவுற்று, அணிகளின் தரவரிசை நிர்ணயிக்கப்படும். அதன் பின்னர் வருவதே கூட்டமைப்புச் சுற்றுப்போட்டி ஆகும்.

இச்சுற்றுப்போட்டியின் தன்மை எளிமையானது, அதே வேளையில் கொடியதுமாகும். ஓர் ஆட்டத்தில் தோற்ற அணி அத்துடன் வெளியேறிவிடும். இரண்டாவது வாய்ப்பு என்பது கிடையாது. தரவரிசையில் மேலிடம் பெற்ற அணிகளுக்கு ஆரம்பச் சுற்றுகளில் ஆடாது நேரடியாக அடுத்த கட்டத்துக்குச் செல்லும் சலுகை வழங்கப்படுவது வழக்கம். பருவகாலம் முழுவதும் உழைத்ததற்கான பலன் பெரும்பாலும் அவ்வளவே. நாளுக்கு நாள் ஆட்டங்கள் நெருங்கி வருவதனால் களைப்படையாத கால்களே இங்கு பெரும் மூலதனம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதில் வெற்றிபெறும் அணிக்குக் கிடைப்பது ஒரு கிண்ணம் மட்டுமன்று. தேசிய சம்பியன் போட்டிக்கான நேரடித் தகுதியும் கிடைக்கின்றது. 2024ஆம் ஆண்டில் தேசியப் போட்டியில் 68 மகளிர் அணிகள் பங்குபற்றின. அவற்றுள் 32 அணிகள் கூட்டமைப்புகளின் சம்பியன்கள் என்ற வகையில் நேரடியாகத் தகுதி பெற்றவை. எஞ்சிய 36 அணிகளையும் ஒரு தெரிவுக்குழு தெரிவு செய்தது. அக்குழு அணிகளின் வெற்றி தோல்விகளையும், அவை எதிர்கொண்ட அணிகளின் பலத்தையும் சீர்தூக்கிப் பார்க்கின்றது. பெரும் பணமும் பெரும் புகழும் வாய்ந்த கூட்டமைப்புகளைச் சேர்ந்த அணிகள் ஒன்றுக்கொன்று பலம் வாய்ந்தவையாக இருப்பதனால், தோல்வியுற்றாலும் அவற்றின் மதிப்புப் பெரிதும் குன்றுவதில்லை. குழுவின் தெரிவில் பெரும்பங்கு அவற்றுக்கே செல்கின்றது. சிறிய கூட்டமைப்பைச் சேர்ந்த அணியின் நிலை அவ்வாறானதல்ல. இருபது ஆட்டங்களில் வென்றாலும், 'யாருடன் மோதி வென்றீர்கள்?' என்ற கேள்வி அதனை நோக்கி எழுப்பப்படும். ஆகவே, குழுவின் தயவை நாடாது தேசிய அரங்கில் நுழைவதற்குச் சிறிய அணிக்கு உள்ள ஒரே வாயில் கூட்டமைப்புச் சுற்றுப்போட்டியே எனலாம்.

இவ்வாயிலுக்கு மறுபக்கமும் உண்டு. 2024ஆம் ஆண்டு பிக் வெஸ்ட் கூட்டமைப்பின் தரவரிசையில் முதலிடம் பெற்றது ஹவாய் அணியாகும். பருவகாலம் முழுவதும் நிலைபெற்ற அதன் மேலாதிக்கம் ஒரே நாளில் கலைந்தது. அரையிறுதியில் டேவிஸ் வளாக அணியிடம் தோற்ற ஹவாய், தேசியப் போட்டிக்கான வாய்ப்பை இழந்தது. இரண்டு மாதங்களுக்கும் மேலாக மெய்ப்பிக்கப்பட்ட திறமையை ஓர் ஆட்டத்தின் முடிவு மேவிவிடலாமா என்பது நியாயமான வினாவே. ஆயினும், கடைசி இடத்துக்கு அண்மையில் நிற்கும் அணிக்கும் நம்பிக்கையை வழங்கும் ஏற்பாடு இதுவே என்பதனால், பெரும்பாலான கூட்டமைப்புகள் இதனைக் கைவிட முன்வருவதில்லை.

இறுதியாட்டத்தில் ஏர்வைன் அணி டேவிஸ் அணியை 53 இற்கு 39 என்ற புள்ளிகள் அடிப்படையில் வென்றது. எதிரணியை நாற்பது புள்ளிகளைக் கூட எட்டவிடாது தடுத்தமை, அந்த வெற்றி தற்காப்பு ஆட்டத்தினால் ஈட்டப்பட்டது என்பதை எடுத்துக்காட்டுகின்றது. உயரமும் பெயரும் பெற்ற நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொள்ள வசதியற்ற அணிகளுக்குத் தற்காப்பு ஒன்றே கைகொடுக்கும் ஆயுதம் ஆகும். அடுத்த வாரம் ஸ்போகேன் நகரில் இடம்பெற்ற தேசியப் போட்டியின் முதற் சுற்றில், பலம் வாய்ந்த கொன்சாகா பல்கலைக்கழக அணியிடம் ஏர்வைன் 75 இற்கு 56 எனத் தோல்வியுற்றது. ஆயினும் 29 ஆண்டுகளின் பின்னர் அந்த அரங்கில் கால் பதித்தமையை அத்தோல்வி அழித்துவிடவில்லை.

இத்தகையதொரு வாயில் பெண்களுக்கு என்றும் திறந்திருக்கவில்லை என்பதை வரலாறு கூறுகின்றது. 1891ஆம் ஆண்டு டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அயலிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாகவிருந்த செண்டா பெரன்சன் அதனைத் தமது மாணவியருக்கு அறிமுகம் செய்தார். ஆனால், பெண்கள் அளவுக்கு மீறி ஓடிக் களைப்படையக் கூடாது என்ற அக்கால எண்ணத்துக்கிணங்க ஆடுகளம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொருத்தியும் தனக்குரிய பகுதிக்குள்ளேயே நிற்கவேண்டும் என விதிக்கப்பட்டது.

அவ்விளையாட்டு இங்கிலாந்துக்குச் சென்று வலைப்பந்தாட்டமாக உருமாறி, பிரித்தானிய ஆட்சியின் வழியே எமது நாட்டின் பாடசாலைகளையும் வந்தடைந்தது. வலைப்பந்தாட்டத்தில் வீராங்கனைகள் தமக்குரிய எல்லைகளைக் கடக்கக் கூடாது என்ற விதி இன்றும் நிலவுவது இந்தப் பொது மூலத்தை நினைவூட்டுகின்றது. 2018ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் ஆடிய யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தை எமது வாசகர்கள் நன்கறிவர். அந்த வகையில் ஏர்வைன் மாணவியரின் ஆட்டமும் எம் பாடசாலை மாணவியரின் ஆட்டமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையே.

அமெரிக்காவில் பெண்களின் விளையாட்டு வரலாற்றை மாற்றியமைத்தது ஒரு சட்டமாகும். 1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் திகதி ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சன் கைச்சாத்திட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் அடிப்படையில் எவரும் புறக்கணிக்கப்படலாகாது எனக் கூறியது. ஆங்கில மூலத்தில் அதன் முதன்மை வாசகம் 37 சொற்களை மாத்திரமே கொண்டது. அதில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. அச்சட்டத்துக்காக முன்னின்று உழைத்தவர்களுள் ஹவாயைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் பெட்சி மிங்க் அம்மையாரும் ஒருவர். ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த அவரது மறைவின் பின்னர், 2002ஆம் ஆண்டில் அச்சட்டத்துக்கு அவரது பெயரே சூட்டப்பட்டது.

இதன் விளைவை எண்களே கூறும். 1971-72ஆம் கல்வியாண்டில் அமெரிக்க உயர்தரப் பாடசாலைகளில் விளையாட்டில் ஈடுபட்ட மாணவியரின் தொகை மூன்று இலட்சத்துக்கும் குறைவாகவே இருந்தது. இன்று அத்தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியுள்ளது. பெண்களின் உடலமைப்போ ஆர்வமோ ஐம்பது ஆண்டுகளில் பத்து மடங்காக மாறிவிடவில்லை. மாறியது விதி ஒன்றே. தேசிய கல்லூரி மெய்வல்லுநர் சங்கம் மகளிருக்கான கூடைப்பந்தாட்டச் சம்பியன் போட்டியை 1982ஆம் ஆண்டிலேயே முதன்முறையாக நடத்தியது. அப்போது பங்குபற்றியவை 32 அணிகள். இறுதியாட்டத்தில் லூசியானா டெக் அணியிடம் தோற்ற செய்னி அணி, கறுப்பின மாணவர்களுக்கெனத் தோன்றிய ஒரு சிறிய கல்லூரியைச் சேர்ந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

சட்டம் வந்தவுடன் சமத்துவமும் வந்துவிட்டது எனக் கொள்வதற்கில்லை. 2021ஆம் ஆண்டு சான் அன்டோனியோ நகரில் தேசியப் போட்டிக்காகக் கூடிய மகளிர் அணிகளுக்குத் தேகப்பயிற்சிக்கென ஒரு சிறு தொகுதி எடைகளே ஆரம்பத்தில் வழங்கப்பட்டிருந்தன. ஆண்களுக்கோ விசாலமான பயிற்சிக்கூடமே அமைக்கப்பட்டிருந்தது. ஒரேகன் பல்கலைக்கழக வீராங்கனை செடோனா பிரின்ஸ் இதனைக் காணொளியாக வெளியிட்டதும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பணப்பங்கீட்டிலும் இதே நிலைதான். ஆண்கள் அணி தேசியப் போட்டியில் ஆடும் ஆட்டங்களுக்கேற்ப அதன் கூட்டமைப்புக்குப் பணம் பகிர்ந்தளிக்கும் முறை 1991ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. மகளிர் அணிகளுக்கு அத்தகைய ஏற்பாடு 2025ஆம் ஆண்டு ஜனவரியிலேயே அங்கீகரிக்கப்பட்டது. அவ்வாண்டுப் போட்டியிலிருந்து, முதலாண்டில் 15 மில்லியன் டொலர் நிதியுடன் அது ஆரம்பமாயிற்று. 2024ஆம் ஆண்டு தேசிய இறுதியாட்டத்தில் தென் கரோலினா அணியும் அயோவா அணியும் மோதியதைச் சராசரியாக 18 மில்லியனுக்கும் அதிகமானோர் தொலைக்காட்சியில் பார்வையிட்டிருந்தனர். அது அவ்வாண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்வையிட்டோர் தொகையை விஞ்சியதாகும். ஆயினும் அதே மாதங்களில் ஏர்வைன் மாணவியர் ஈட்டிக்கொடுத்த தகுதிக்கு அவர்களது கூட்டமைப்புக்கு இந்த வழியில் ஒரு டொலரேனும் கிடைத்திருக்காது.

இனி, டியாபா கொனாத்தேயிடம் வருவோம். பிரான்ஸின் இளையோர் தேசிய அணிகளில் ஆடிய அவர், உயர்கல்விக்காக அமெரிக்கா சென்றவர். முதலில் ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஏர்வைனிலும் ஆடினார். ஹென்டர்சன் நகரில் சுற்றுப்போட்டி நடைபெற்ற நாட்கள் அவ்வாண்டின் ரமழான் மாதத்தின் முதல் வாரத்துள் அடங்கியவை. உலகெங்கும் முஸ்லிம்கள் நோன்பு நோற்கத் தொடங்கியிருந்த வேளையில், தலையை மறைத்த ஒரு முஸ்லிம் மாணவி ஏனைய சக மாணவியருடன் தோளோடு தோள் நின்று தமது பல்கலைக்கழகத்துக்குக் கிண்ணத்தை ஈட்டிக்கொடுத்தார்.

அதே மாணவி அதே உடையுடன் தமது தாய்நாட்டின் போட்டிகளில் ஆடியிருக்க முடியாது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்ஸ் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம், மத அல்லது அரசியல் அடையாளம் கொண்ட எந்த அணிகலனையும் போட்டிகளில் அணிவதற்குத் தடை விதித்தது. பொது வாழ்வில் மதச் சார்பின்மை பேணப்பட வேண்டும் என்பதே தடையை ஆதரிப்போரின் வாதமாகும். அக்கொள்கைக்குப் பிரான்ஸில் நீண்ட வரலாறு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அரசின் நடுநிலைமை என்பது அரச அலுவலகத்துக்கும் அரச ஊழியருக்கும் உரியது. வார இறுதியில் பந்து விளையாட வரும் சாதாரண இளம் பெண்ணிடம் அதனைக் கோருவது எவ்வகையில் பொருந்தும் என்ற வினாவுக்குத் தக்க விடை இல்லை. 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் குழுவொன்றும் இத்தகைய தடைகளை விமர்சித்திருந்தது.

இத்தடை சர்வதேச விதிகளினால் நிர்ப்பந்திக்கப்பட்டது எனவும் கூறமுடியாது. ஒரு காலத்தில் சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமும் தலையை மறைக்கும் அணிகளைத் தடை செய்திருந்தது. 2014ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், ஹிஜாபைக் களைய மறுத்த கட்டார் மகளிர் அணி ஆடாமலே ஆட்டத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அமெரிக்காவில் மெம்பிஸ் பல்கலைக்கழகத்துக்காக ஹிஜாப் அணிந்து ஆடி, முதலாம் பிரிவில் அவ்வாறு ஆடிய முதலாவது வீராங்கனை என அறியப்பட்ட பில்கிஸ் அப்துல் காதிர், பாடசாலை மட்டத்தில் 3,000க்கும் அதிகமான புள்ளிகளைக் குவித்தவர். பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. ஆனால் அதன் பின்னர் வெளிநாடுகளில் தொழில்முறை ஆட்டக்காரராக வேண்டும் என்ற அவரது கனவுக்குச் சர்வதேச விதி குறுக்கே நின்றது. அவரும் ஏனையோரும் தொடர்ந்து குரல் எழுப்பியதன் பயனாக 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த விதி மாற்றப்பட்டு, ஒக்டோபர் மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. பில்கிஸைப் பொறுத்தவரை அது காலம் கடந்த வெற்றியாகும். அவருக்குப் பின்னே வந்தவர்களுக்கு அது திறந்த வாயிலாகும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குகையில் ஓர் உண்மை புலனாகின்றது. கூட்டமைப்புச் சம்பியனுக்கு நேரடி இடம் என்ற விதி இல்லையெனில் ஏர்வைன் போன்ற அணிகளின் பெயரை எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் இல்லையெனில் அந்த அணிக்கே இடமிருந்திருக்குமா என்பது ஐயமே. தலையை மறைத்தல் தொடர்பான விதி ஒரு நாட்டில் ஒருவிதமாகவும் மறுநாட்டில் வேறுவிதமாகவும் இருந்ததனால், ஒரே பெண் ஓரிடத்தில் சம்பியனாகவும் மற்றோரிடத்தில் பார்வையாளராகவும் ஆக்கப்பட்டார். அவரது கைகளிலிருந்த திறமை இரு நாடுகளிலும் ஒன்றுதான்.

எமது பெற்றோருக்கும், பாடசாலை அதிபர்களுக்கும், விளையாட்டுச் சங்கங்களை நிருவகிப்போருக்கும் இதில் படிப்பினை உண்டு. பிள்ளைகளிடம் ஆர்வமில்லை என்று முடிவு செய்வதற்கு முன்னர், அவர்கள் ஆடுவதற்கு நாம் வகுத்துள்ள ஒழுங்குகள் எத்தகையவை என ஆராய்ந்து பார்த்தல் நன்று. பயிற்சிக்கான நேரம் மாணவியர் பாதுகாப்பாக வீடு திரும்பக்கூடியதாக உள்ளதா? சீருடை, தமிழ் மாணவிக்கும் முஸ்லிம் மாணவிக்கும் அவரவர் பண்பாட்டுக்கு இசைந்ததாகத் தெரிவு செய்யக்கூடியதா? மைதானம் மாணவருக்குப் போன்றே மாணவியருக்கும் கிடைக்கின்றதா? சிறிய கிராமத்துப் பாடசாலை அணி, நகரத்துப் பெரும் பாடசாலை அணியை எதிர்கொள்ளும் வாய்ப்பையேனும் பெறுகின்றதா? இவை யாவும் பெரும் நிதி வேண்டாத, சில வரிகளில் எழுதிவிடக்கூடிய விடயங்களே.

ஒவ்வொரு மார்ச் மாதமும் அமெரிக்காவின் ஏதோவொரு நகருக்குப் பெயர் அறியப்படாத ஓர் அணி பேருந்தில் வந்திறங்குகின்றது. மூன்று அல்லது நான்கு நாட்களில் அதன் பெயர் நாடெங்கும் அறியப்பட்டுவிடுகின்றது. அந்தப் பெண்கள் அவ்வாரத்தில் திடீரெனத் திறமை பெற்றுவிடவில்லை. அவர்கள் நுழைவதற்கென ஒரு வாயிலைத் திறந்துவைத்து, அதனை எவரும் மூடிவிடாதவாறு காத்து நின்றவர்கள் முன்னரே இருந்தனர். வாயிலைத் திறந்துவைக்கும் அந்தப் பணியே மூத்தோராகிய எமக்கும் உரியது.